அந்த ஒரு மணி நேரத்தையும் வேலை நேரமாக எழுதுங்கள்

ஜெராக்ஸ் மிஷின் சர்வீஸ் வேலைக்கு வந்து 22 வருடம் ஆகிறது. முதல் பத்து வருடம் மதுரையில் டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினேன். இப்போது புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். போன வாரம் ஒரு கூட்டத்தில், "இனிமேல் வகுப்புப் பயிற்சியைக் குறைக்கப் போகிறோம், ஊழியர்களே ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுப்பார்கள், அதற்கு ஒரு ஆப் வருகிறது" என்றார்கள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே சொல்ல நேரம் கிடைக்காத சில விஷயங்கள் மனதில் கிடந்து உறுத்துகின்றன. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சேர்ந்தபோது சென்னையில் 15 நாள் பயிற்சி. டிரம், டெவலப்பர், பியூசர் (மையைச் சூட்டால் தாளில் ஒட்டவைக்கும் பாகம்) என்று மிஷினின் பாகங்கள் எல்லாவற்றையும் கழற்றி மாட்டக் கற்றுக்கொடுத்தார்கள். நல்ல பயிற்சிதான், குறை சொல்ல மாட்டேன். ஊருக்கு வந்து தனியாகப் போன முதல் கால் (சர்வீஸ் அழைப்பு), ஒரு அரசு அலுவலகத்துக்கு எதிரே இருந்த கடை. ஐப்பசி மழை நேரம். பத்து காப்பிக்கு ஒரு பேப்பர் ஜாம். மனுவைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் வரை ஆட்கள் நிற்கிறார்கள். மேனுவலில் சொன்னபடி, தாளை உள்ளே இழுக்கும் பிக்கப் ரோலரை மாற்றினேன், சென்சாரைத் துடைத்தேன். இரண்டு மணி நேரம் போயிற்று, ஜாம் போகவில்லை. கடைசியில் சீனியர் அண்ணன் ஒருவருக்குப் போன் போட்டேன். வந்தவர் மிஷினைத் தொடவே இல்லை. டிரேயிலிருந்து ஒரு தாளை உருவி, காதுப் பக்கம் வைத்து ஆட்டினார்.

"தம்பி, சத்தம் வருதா பாரு. வரலைல? தாள் ஈரம்டா."

பிரித்த ரிம், அதாவது தாள் கட்டு, சுவரோரம் வெறும் சிமெண்ட் தரையில் கிடந்தது. மேல் அலமாரியிலிருந்து புது ரிம் எடுத்துப் போட்டார், மிஷின் ஓடியது. ரிம்மைப் பலகை மேல் வைக்கவும், பிரித்ததை அதன் உறையிலேயே திரும்பச் சுற்றி வைக்கவும் கடைக்காரரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். 'ஈரமான தாளைப் பயன்படுத்தாதீர்கள்' என்று மேனுவலிலும் ஒரு வரி இருக்கிறது. ஆனால் ஈரத்தை எப்படிக் கேட்பது என்று அதில் இல்லை.

அப்போதெல்லாம் காலை எட்டரைக்கு ஒரு டீக்கடையில் ஆறேழு பேர் கூடுவோம். போட்டிக் கம்பெனி ஆட்களும் வருவார்கள். பேச்செல்லாம் மிஷின்தான். 'நேற்று ஒரு மிஷின் காலையில் மட்டும் வெளிறி அடிக்குது' என்று ஒருவர் ஆரம்பித்தால், அதேபோல் ஒன்றைப் பார்த்த இன்னொருவர் தொடருவார். வேலையை நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். எந்தக் கம்பெனியின் பெயரை நாம் நகலுக்கே பெயராக வைத்துக்கொண்டோமோ, அதே ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜூலியன் ஆர் என்ற மானுடவியலாளர் இருந்தார். 1980களில் அமெரிக்காவில் சர்வீஸ் டெக்னீஷியன்களோடு கூடவே சுற்றி, அவர்கள் உண்மையில் எப்படி வேலை பார்க்கிறார்கள் என்று கவனித்தார். கம்பெனி தந்த கையேடு 'இந்த எரர் வந்தால் இதைச் செய்' என்றது. டெக்னீஷியன்களோ காலைச் சாப்பாட்டிலும் காபி நேரத்திலும் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் மிஷின் கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் பதிவு செய்த ஒரு சம்பவத்தில் இ-053 என்ற எரர் காட்டும் பழுது ஒன்று, நிஜப் பழுது இன்னொன்று. கையேட்டின்படி போனவருக்கு வழி தெரியவில்லை. அவரும் அனுபவசாலி ஒருவரும் பழைய கேஸ்களை மாற்றி மாற்றிச் சொல்லிச் சொல்லித்தான் காரணத்தைப் பிடித்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு அந்த டீக்கடை பெஞ்சு கண்ணுக்குள் வந்து நின்றது.

அந்தக் கம்பெனி செய்த அடுத்த காரியம்தான் முக்கியம். 1990களின் நடுவில் யுரேகா என்று ஒரு குறிப்புத் தொகுப்பைப் பிரான்ஸில் தொடங்கினார்கள். டெக்னீஷியன் தான் கண்டுபிடித்த வழியை எழுதி அனுப்பலாம். விஷயம் தெரிந்த சக ஊழியர்கள் அதைச் சரிபார்த்த பிறகே எல்லோருக்கும் போகும். எழுதியவருக்குப் பணம் தரலாமா என்ற பேச்சு வந்தபோது, டெக்னீஷியன்கள் பணம் கேட்கவில்லை, குறிப்போடு தங்கள் பெயர் வர வேண்டும் என்றார்கள். பிரேசிலில் ஒருவர், சுமார் 40,000 டாலர் பெறும் கலர் மிஷினையே மாற்றிக் கொடுக்கும் நிலையில் இருந்தபோது, கனடாவின் மான்ட்ரியலில் இருந்த டெக்னீஷியன் எழுதிய குறிப்பைப் பார்த்தார். பழுது, ஃபியூஸைப் பிடித்து வைக்கும் ஒரு 50 சென்ட் ஹோல்டரில் இருந்தது.

பெயர் விஷயத்தில் எனக்கும் ஒரு வலி உண்டு. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், மின்சாரம் ஏறி இறங்கும் கடைகளில் வரும் ஒரு பொய் எரரைக் கண்டுபிடித்து மேலே எழுதினேன். மூன்று மாதம் கழித்து அது தலைமை அலுவலகச் சுற்றறிக்கையாக வந்தது, என் வரிகளோடு, என் பெயர் இல்லாமல். அதற்குப் பிறகு நான் எதையும் மேலே எழுதவில்லை. நண்பர்களுக்கு மட்டும் சொன்னேன். இது சரியான செயல் இல்லைதான். ஆனால் ஆப்பில் யாரும் எதையும் எழுதுவதில்லை என்று வருத்தப்படும் மேலாளர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அங்கே வேலை பார்த்தபோதுதான் டீக்கடைக் கூட்டமும் நின்றுபோனது. ஒரு நாளைக்கு இத்தனை கால் முடிக்க வேண்டும் என்று டார்கெட் வந்தது, போனில் லொகேஷன் பார்த்தார்கள். அரை மணி நேரம் ஒரே இடத்தில் நின்றால் விளக்கம் கேட்டார்கள். எண்ணிக்கை ஏறியது உண்மை. ஆனால் அதே மிஷினுக்கு மறுபடி மறுபடி போக வேண்டி வந்தது. புதிதாக வந்த பையன்கள் தெரியாத பழுதுக்கு முழு சர்க்யூட் போர்டையும் மாற்றத் தொடங்கினார்கள். கேட்க ஆள் இல்லை என்றால் வேறு என்ன செய்வார்கள்?

தையல் கடையை நினைத்துப் பாருங்கள். காஜா எடுக்கும் பையன் முதல் நாளே கத்தரியைத் தொடுவதில்லை. காஜா எடுத்து, பட்டன் தைத்து, மாஸ்டர் துணி வெட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்துப் பழகுகிறான். அந்தப் பக்கத்து ஸ்டூலை எடுத்துவிட்டால் அவனுக்குத் தொழில் எப்படி வரும்?

இப்போது டீக்கடையின் இடத்தில் வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. எங்கள் குரூப்பில் இருநூறு பேருக்கு மேல். எரர் கோடைப் படம் பிடித்துப் போட்டால், பத்து நிமிடத்தில் எங்கிருந்தோ ஒரு வாய்ஸ் நோட் வருகிறது. நான் தினமும் கற்றுக்கொள்கிறேன். ஆனால் இதே குரூப்பில்தான் ஒருநாள், பியூசர் சூடாகவில்லை என்று கேட்ட பையனுக்கு, 'தெர்மோஸ்டாட்டை ஷார்ட் பண்ணி ஓட்டு' என்று ஒருவர் பதில் போட்டார். சூடு எல்லை மீறினால் மின்சாரத்தை வெட்டுவதற்காக இருக்கும் பொருள் அது. அதைத் தாண்டிவிட்டால் தாளும் தூசியும் நிறைந்த கடையில் தீப்பிடிக்கலாம். உடனே போன் செய்து நிறுத்தினேன். அன்று நான் பார்க்காமல் விட்டிருந்தால் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. சக ஊழியரிடம் கற்பது நல்லது என்பதாலேயே அவர் சொல்வதெல்லாம் சரி ஆகிவிடாது. சரிபார்க்க ஆள் வேண்டும். அந்த வேலைக்குச் சம்பள நேரம் வேண்டும். இரவு பதினொரு மணிக்கு, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லும் மூத்தவர்களின் உழைப்பில்தான் இன்று பல கம்பெனிகளின் பயிற்சிச் செலவு மிச்சமாகிறது.

அதனால் ஆப் வரட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் ஸ்டாரும் பாயிண்டும் கொடுப்பதற்கு முன்னால், பேசும் நேரத்தை வேலை நேரமாக எழுதுங்கள். கண்டுபிடித்தவர் பெயரைப் போடுங்கள்.

என் மேலாளரிடம் நேற்று இதைக் கேட்டேன். சனிக்கிழமை காலை 9 முதல் 10 வரை, கால் எதுவும் போடாமல், எல்லோரும் உட்கார்ந்து அந்த வாரப் பழுதுகளைப் பேச வேண்டும், வருகைப் பதிவில் அது வேலையாகவே ஏற வேண்டும் என்றேன். மூன்று மாதம் செய்து பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். முதல் சனிக்கிழமை பேசப்போவது ராமநாதபுரம் பக்கம் பார்க்கும் பெண். சேர்ந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. கடல் காற்றில் தாள் என்ன ஆகும் என்று எங்கள் எல்லோரையும்விட அந்தப் பிள்ளைக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் நோட்டோடு முன் வரிசையில் உட்காரப் போகிறேன்.