படகு பின்னோக்கிப் போகவில்லை, கடிகாரம்தான் போனது

பாம்பன் பாலத்துக்கு வடக்கே பெண்கடல் (பாக் விரிகுடா), தெற்கே ஆண்கடல் (மன்னார் வளைகுடா) என்பது மண்டபம் ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். படகுகள் போன தடத்தை வரைந்து காட்ட என் தலையில் கட்டப்பட்ட தடப்பதிவு மென்பொருளுக்கு மட்டும் தெரியாது. நேற்றுக் காலை படகு உரிமையாளர் ஒருவர் என் திரையைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, நம்ம போட்டு பாலத்துக்கடியில ஊஞ்சல் ஆடுதா?" என்று கேட்டார். வரைபடத்தில் அவர் படகு கால் மணி நேரம் இரண்டு கடலுக்கும் மாறி மாறித் தாவிக்கொண்டிருந்தது.

தெற்கே வந்து நின்ற படகில் இன்ஜினை மறுபடி முடுக்கியபோது பேட்டரி மின்னழுத்தம் சரிந்து, பதிவுக்கருவி அணைந்து எழுந்திருக்கிறது. கடிகாரத்துக்கென்று தனி பேட்டரி இல்லாததால், கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்திலிருந்தே அது எண்ணத் தொடங்கிவிட்டது: 4180ஆம் பதிவில் 5:12:40, அடுத்த 4181இல் 4:57:03. விற்றவர்களிடம் கேட்டால், "நேரப்படி வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். அப்படிச் செய்ததால்தானே ஐயா, தெற்கே எழுதிய பதிவுகள் வடக்கே எழுதியவற்றுக்கு நடுவே போய்ச் செருகிக்கொண்டன!

இதில் வயிறெரியும் விஷயம், இடத்தைச் சொல்லும் ஒவ்வொரு ஜிபிஎஸ் வரியிலும் செயற்கைக்கோளின் அணுக்கடிகாரத்தை ஒட்டிய நேரம் வந்துகொண்டே இருக்கிறது. 5 மணி 30 நிமிடம் கூட்டினால் நம் நேரம். அதைக் குப்பையில் போட்டுவிட்டு, அணைந்து எழுந்த கருவியின் நேரத்தை எழுதச் சொன்ன மகராசன் யார்?

பதிவுகளை ஒன்றாகக் கோக்கும் இணைப்பு நிரல் வேறு, இடப்பதிவு, இன்ஜின் பதிவு என்ற இரண்டு கோப்புகளிலும் அடுத்ததாக முன்னே நிற்கும் வரிகளை மட்டும் ஒப்பிட்டு, சிறிய நேரமுள்ளதை எடுத்து எழுதுகிறது. ஒவ்வொரு கோப்பும் தன்னளவில் வரிசையாக இருந்தால்தான் அந்த முறை செல்லும் என்பதை அது சோதிப்பதே இல்லை. நேரலையிலோ, பிந்திய பதிவுக்காக 30 விநாடி காத்திருந்துவிட்டு, அதற்குமேல் வருவதைச் சத்தமில்லாமல் எறிந்துவிடுகிறது. டவர் எட்டாத கடலில் இரவெல்லாம் கிடந்துவிட்டு, கரை நெருங்கும்போது சேர்த்து வைத்ததை மொத்தமாக அனுப்பும் படகுக்கு 30 விநாடி எந்த மூலைக்கு? எறிந்ததை எண்ணிக்கூடக் காட்டாமல், "இணைப்பு வெற்றி" என்று பச்சை எழுத்தில் சிரிக்கிறது.

கருவி எத்தனையாவது முறை எழுந்தது என்ற எண்ணையும் வரிசை எண்ணையும் பிடித்துக்கொண்டு, எழுந்தபின் கிடைத்த முதல் ஜிபிஎஸ் நேரத்தோடு ஒப்பிட்டு, பிசகிய அளவை ஒவ்வொரு பதிவிலும் கூட்டி ராத்திரி இரண்டு மணி வரை திருத்தினேன். அந்த ஒரு படகு இப்போது பாலத்தை ஒரே முறைதான் கடக்கிறது. மற்ற படகுகளின் கோப்புகள் இன்னும் அப்படியே கிடக்கின்றன.