அம்பாசிடரின் டிக்கியும் வி-கிராஸின் தொட்டியும்

பொள்ளாச்சிப் பக்கத்தில் உள்ள எங்கள் தோப்பு வீட்டு வாசலில் இப்போது இரண்டு வண்டிகள் நிற்கின்றன. ஒன்று அப்பா விட்டுச்சென்ற அம்பாசிடர் மார்க் 4. மற்றொன்று என் மைத்துனர் வாங்கியிருக்கும் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் என்ற பிக்கப் வண்டி. வருகிறவர்கள் எல்லோரும் முதலாவதைக் காட்சிப்பொருள் என்றும் இரண்டாவதை உழைக்கிற வண்டி என்றும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இரண்டையும் ஓட்டுகிறவன் என்ற முறையில் என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வலுவைப் பற்றிப் பேச்சுக்கே இடமில்லை. அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் தருவது ஐம்பதை ஒட்டிய குதிரைத்திறன், வி-கிராஸின் 1.9 லிட்டர் டீசல் எஞ்சின் அதைப் போல மூன்று மடங்கு தருகிறது. காற்றுப்பை, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் எதுவும் இல்லாத பழைய வண்டியில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போக இன்று எனக்கு மனம் வராது. ஆனால் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் கதை சற்று மாறும். பவர் ஸ்டியரிங் இல்லாத அம்பாசிடர் தோள்பட்டையைப் பதம் பார்க்கும் என்றாலும், நீளம் 4.3 மீட்டர்தான், 5.3 மீட்டர் நீள பிக்கப்பையோ எதிரே பேருந்து வந்தால் ஒதுக்கி நிறுத்த இடம் தேட வேண்டியிருக்கிறது.

கீழே குனிந்து பார்ப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. 1950-களின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழிவந்த அம்பாசிடருக்குச் சேஸி எனப்படும் தனி அடிச்சட்டம் கிடையாது. இன்றைய கார்களைப் போல அதன் உடற்கூடே பாரத்தைத் தாங்குகிறது. புதிய பிக்கப்தான் லாரியைப் போல ஏணிச் சட்டத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. பின்பக்கம் இரண்டுக்கும் பட்டை ஸ்பிரிங்தான். உறவும் உண்டு: பிற்கால அம்பாசிடர்களில் இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சின் இருந்தது. ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் இசுசுவின் ஆலை 2016-இல் திறக்கப்படுவதற்கு முன் அதன் பிக்கப்கள், அம்பாசிடரைத் தயாரித்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் திருவள்ளூர் ஆலையில்தான் பூட்டப்பட்டன.

பழுது என்று வந்தால், எஞ்சினுக்குத் தீப்பொறி கிடைக்கச் செய்யும் டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட்டை அம்பாசிடரில் உப்புத்தாளால் தேய்த்து நானே கிளப்பிவிடுவேன். மேற்கு வங்கத்தின் உத்தரப்பாராவில் அதன் உற்பத்தி 2014-இல் நின்றபோதிலும், தெரிந்த மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். பிக்கப்பில் ஒரு எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஸ்கேனர் வைத்திருப்பவரைத்தான் தேடிப் போக வேண்டும்.

ஆனால் என் உண்மையான மனக்குறை பிக்கப்பின் பின்னால் உள்ள சரக்குத் தொட்டியைப் பற்றியது. அப்பா காலத்தில் டிக்கி நிறையத் தேங்காய் மூட்டைகளும், முன்னிருக்கையில் மூவரும், பின்னால் எத்தனை பேர் என்று எண்ண முடியாத கூட்டமுமாக அம்பாசிடர் சந்தைக்கும் கல்யாணத்துக்கும் மருத்துவமனைக்கும் போய்வந்தது. ஏறத்தாழ ஐந்தடி நீளத் தொட்டியுடன் வந்திருக்கும் வி-கிராஸ் பெரும்பாலும் காற்றைத்தான் சுமக்கிறது. பாரத்துக்கென்று அமைந்த ஸ்பிரிங் என்பதால், தோட்டத்து மண் பாதையில் வெறுமனே போகும்போது பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடுகிறது. அம்மா அதில் ஏற முக்காலி வேண்டும்.

சென்ற வாரம் மூன்று மூட்டை மட்டைத் தேங்காயைச் சந்தையில் சேர்க்க வேண்டியிருந்தது. "தொட்டியில் கீறல் விழுந்துவிடும் மாமா" என்றார் மைத்துனர். அம்பாசிடரின் டிக்கியைத் திறந்தேன்.