ஹங்வெல்லை எத்தனை மீற்றர்?

வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவாகிறது என்றால் போதும், வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் வானிலை நிபுணர்கள் ஆகிவிடுகிறோம். செய்மதிப் படம் ஒருவர் போடுவார், காற்று சுழலும் வண்ணப் படம் இன்னொருவர் போடுவார். திருகோணமலையா, முல்லைத்தீவா, கரையைக் கடப்பது எங்கே என்று நள்ளிரவு வரை வாக்குவாதம். புயல் போகும் பாதைக் கோடு கொழும்பைத் தொடவில்லை என்று தெரிந்ததும் அவரவர் படுக்கப் போய்விடுவோம்.

எனக்கு எரிச்சல் தருவது அந்த நிம்மதிதான். கொழும்பில் இருப்பவன் பார்க்க வேண்டியது அந்தக் கோட்டை அல்ல, களனி கங்கையை.

2025 நவம்பர் 28 அன்று டித்வா புயல் கிழக்குக் கரையில் ஏறியது. மறுநாள் அது வடக்கே நகர்ந்து தமிழகக் கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது களனிக்குப் பக்கத்தில், வெல்லம்பிட்டியில் இருக்கும் அக்காவை அழைத்தேன். "போய்விட்டதாம் அக்கா, இனிப் பயமில்லை" என்றேன், ஏதோ நானே அதை வழியனுப்பி வைத்தவன்போல. "நீ மாடியில் இருந்து சொல்கிறாய் தம்பி. இங்கே வாசல் கானில் தண்ணீர் எதிர்ப்பக்கமாக வருகிறது" என்றார். கழிவுநீர் வெளியே போகும் கான் அது. அதற்குள் ஆறு ஏறி வந்துகொண்டிருந்தது.

அத்தான் குளிர்சாதனப் பெட்டியை மேசைமேல் ஏற்றினார். அரிசி வாளி அலுமாரிக்கு மேலே போனது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, அம்மாவின் நீரிழிவு மாத்திரைகள் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில். காஸ் சிலிண்டரை மட்டும் மறந்துவிட்டார்கள். அது மிதந்து கதவில் மோதிக்கொண்டே இருந்ததாம், இரவு முழுக்க யாரோ கதவைத் தட்டுவதுபோல. இன்று போனால் அவர்கள் கூடத்துச் சுவரில் இரண்டு கோடுகளைப் பார்க்கலாம். கீழே 2016, அதற்கு ஒரு சாண் மேலே 2025.

2016 இன்னும் விசித்திரம். அந்த மே மாதம் நாடெங்கும் மழை கொட்டி, 17ஆம் திகதி அரநாயக்கவில் மலையே சரிந்தபோது, அந்தத் தாழமுக்கத்துக்குப் பெயர்கூட வைக்கவில்லை. காற்று மணிக்கு ஏறத்தாழ 62 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டால்தான் பெயர் கிடைக்கும். 19ஆம் திகதி, நம்மைத் தாண்டிப் போன பிறகே அது ரோவானு ஆனது. பெயர் கொடுத்தது மாலைதீவு; தென்னைநார்க் கயிறு என்று பொருள். கரையைக் கடந்தது பங்களாதேஷில். ஆனால் கொழும்பை ஒட்டிய கொலன்னாவையில் மக்கள் படகில் போனார்கள். பெயர் வைத்த பிறகு பயப்படலாம் என்று காத்திருந்தவர்கள் என்ன ஆகியிருப்பார்கள்?

களனி சிவனொளிபாதமலைப் பக்கத்தில் பிறந்து 145 கிலோமீற்றர் ஓடி, மட்டக்குளிக்கும் முகத்துவாரத்துக்கும் அருகே கடலில் விழுகிறது. கித்துள்கல வரை பாய்ந்து இறங்கும் தண்ணீர், அவிசாவளைக்குக் கீழே சமதரை வந்ததும் தயங்கித் தயங்கி நகர்கிறது. நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கலாம். மலைநாட்டு நோர்வூட்டில் நேற்றுப் பெய்தது இன்னும் வழியில்தான் இருக்கும். அந்தத் தயக்கம்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். அந்த அவகாசத்தில் நாங்கள் செய்மதிப் படம் பார்க்கிறோம்.

நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் ஆற்று நீர்மட்ட அட்டவணையைப் பாருங்கள். களனியின் நீர்மட்டத்தை அளக்கும் இடங்கள் மேலிருந்து கீழாக அதில் இருக்கும்: கிளென்கோஸ், ஹங்வெல்லை, கடைசியாகக் கொழும்பில் நாகலகம் வீதி. மற்றவை மீற்றரில் இருக்க, நாகலகம் வீதி மட்டும் இன்றும் அடியில் அளக்கப்படுகிறது. வெள்ளைக்காரன் போனாலும் அவன் அடிக்கோல் போகவில்லை. அங்கே 4 அடி என்றால் எச்சரிக்கை, 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். நாகலகம் வீதியில் ஏறிய பிறகு பார்த்துப் பயனில்லை, அப்போது தண்ணீர் அக்கா வீட்டு வாசலில். ஹங்வெல்லையில் ஏறும்போதே சாமான்களைத் தூக்கத் தொடங்க வேண்டும்.

இன்னொரு கோபமும் உண்டு. அன்றிரவு அக்காவின் கைபேசிக்கு வந்த எச்சரிக்கை சிங்களத்தில் இருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் வந்து படித்துச் சொன்னான். நல்ல பையன், நன்றி. ஆனால் தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று எழுதி வைத்து எத்தனை ஆண்டுகள்! உயிர் போகிற செய்திக்கு அயல்வீட்டுப் பிள்ளையின் இரக்கத்தையா நம்பியிருப்பது?

அக்கா இப்போது என்னைவிடத் தேறிவிட்டார். சென்ற வாரம் மலைநாட்டில் கனமழை என்று வானொலியில் கேட்டிருக்கிறார். விடியற்காலை ஐந்து மணிக்கு அழைப்பு. நலம் விசாரிப்பெல்லாம் இல்லை.

"தம்பி, ஹங்வெல்லை எத்தனை?"