ரோந்துப் படை வேண்டாம், ஆறு வீடு போதும்

ஒரு தெருவில் திருட்டு நடந்த மறுநாள் கூட்டம் போடுவார்கள். இருநூறு பேரைச் சேர்த்து வாட்ஸ்அப் குழு தொடங்குவார்கள். நாலைந்து பேர் டார்ச்சும் விசிலுமாக ராத்திரி சுற்றுவார்கள். மூன்றாவது வாரம் தூக்கம் ஜெயித்துவிடும். குழுவில் காலை வணக்கம் மட்டும் மிஞ்சும். இத்தனைக்கும் நடுவில், பறிகொடுத்த வீட்டை மறுபடி யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அங்கேதான் கோளாறு.

அடுத்து கை வைக்கப்பட அதிக வாய்ப்புள்ள வீடுகளில் முதலாவது அதே வீடுதான். உள்ளே வந்து போனவனுக்கு எந்த அறை எங்கே என்று தெரியும். எந்த ஜன்னல் ஆடுகிறது, எதைத் தூக்க முடியாமல் விட்டுவந்தோம், எல்லாம் தெரியும். போன பொருளுக்குப் பதில் புதிதாக வாங்கி வைப்பார்கள் என்றும் தெரியும். அதற்கடுத்த இடத்தில் அக்கம்பக்கத்து வீடுகள். முதல் சில வாரங்கள்தான் உச்சம், பிறகு மெல்லத் தணியும்.

இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தின் கிர்க்கோல்ட் குடியிருப்பில் 1980களின் நடுவில் இதை வைத்தே திட்டம் போட்டார்கள். அங்கே வீடுகளில் மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் காசு போட்டு ஓட்டும் மீட்டர்கள் இருந்தன, உடைத்தால் ரொக்கம். அவற்றைக் கழற்றினார்கள். திருட்டு நடந்த வீட்டின் பூட்டு, ஜன்னல்களைப் பலப்படுத்தினார்கள். சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டாரிடம் மட்டும் ‘இந்த வீட்டை ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்டுக்கொண்டார்கள். ஒரே ஆண்டில் வீடு புகுந்த திருட்டு பாதிக்கும் கீழே இறங்கியது. தெருக்காரர்களே சேர்ந்து தெருவைக் கவனிக்கும் பெரிய அளவிலான அண்டைக் கண்காணிப்பு அமெரிக்காவில் 1972லிருந்தே தேசியத் திட்டமாக நடக்கிறது. அதில் பலனே இல்லை என்று சொல்ல வரவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வந்த மதிப்பீடு, குற்றம் சராசரியாக 16 முதல் 26 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறது. ஆனால் அது எல்லா இடத்திலும் பலித்துவிடவில்லை. ஆர்வம் வற்றாமல் ஓடக்கூடியது சின்ன வட்டம் என்பது என் கட்சி.

வட்டம் என்றால் இடம் வலம் இரண்டு, எதிரே இரண்டு, பின்புறம் ஒன்றிரண்டு. பின்புற வீட்டைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். உங்கள் கொல்லைக் கதவு தெரிவது அவர்களுக்கு மட்டும்தான். ஒருவருக்கொருவர் தெரிய வேண்டியவை சில: தொலைபேசி எண், வீட்டில் எத்தனை பேர், என்ன வண்டி, யார் எப்போது வெளியூர், வேலைக்கு வந்துபோகிறவர் யார். மாற்றுச் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைப்பதைவிட இந்த வட்டத்தில் ஒருவரிடம் கொடுங்கள், வீட்டு எண் எழுதிய அட்டை கட்டாமல். வெளியூர் போனால் வாசலில் சேரும் தாள்களை எடுப்பது, குப்பைத் தொட்டியை வெளியே வைத்து எடுப்பது, உங்கள் இடத்தில் அவர்கள் வண்டியை நிறுத்துவது, இவை போதும். டைமர் விளக்கு வைத்தால் தினமும் ஒரே நிமிடத்தில் எரியாதபடி நேரத்தை மாற்றி வையுங்கள்.

இனி கதவு. விலை உயர்ந்த பூட்டு வாங்குகிறவர்கள், அதன் நாக்கு போய் உட்காரும் தகட்டைப் பார்ப்பதே இல்லை. தகட்டைப் பிடித்திருப்பது பெரும்பாலும் முக்கால் அங்குல ஸ்குரூ இரண்டு. ஓங்கி உதைத்தால் பூட்டு உடையாது, நிலைதான் பிளக்கும். தகடு மரச்சில்லோடு பெயர்ந்து வரும். இரண்டு ஸ்குரூவையும் கழற்றி 3 அங்குல ஸ்குரூ போடுங்கள், நிலைச்சட்டத்தைத் தாண்டி உள்ளே பிடிக்க வேண்டும். கல், கான்கிரீட் சுவரானால் துளையிட்டு, ஸ்குரூ பிடிப்பதற்கான பிளக் வைக்க வேண்டும். பூட்டின் நாக்கு குறைந்தது ஓர் அங்குலமாவது வெளியே நீள வேண்டும். கீல் வெளிப்பக்கம் இருந்தால் அதன் ஊசியைத் தட்டி எடுத்துவிடலாம். கழற்ற முடியாத ஊசி உள்ள கீல் போடுங்கள். இழுவை ஜன்னலுக்கு, தண்டவாளத்தில் இறுக்கமாகக் கிடக்கும் ஒரு கட்டை போதும். வாசல் செடிகள் இடுப்புக்கு மேல் வளராமல், மரக்கிளைகள் தலைக்குக் கீழே தொங்காமல் இருந்தால், ஒளிய இடமிருக்காது.

கேமராவைக் கூரையோரத்தில் உயரமாக மாட்டிவிட்டு, திருடன் தொப்பியைப் படம் பிடித்தவர்கள் நிறையப் பேர். முகம் வேண்டுமானால் வாசலுக்கு ஒன்று, கிட்டத்தட்ட முக உயரத்தில். ஆளை அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. தெரு முழுவதையும் ஒரே கேமராவில் அடக்கினால் அது கிடைக்காது. இரவில் லென்ஸ் முன் சிலந்தி வலை இருந்தால், இருட்டில் பார்க்க கேமரா வீசும் இன்ஃப்ராரெட் ஒளி அதில் பட்டு படம் வெள்ளையாகிவிடும். மாதம் ஒருமுறை துடையுங்கள், கடிகாரத்தைச் சரிபாருங்கள். பழைய பதிவு அழிந்து புதிது எழுதப்படும் நாள் எத்தனை என்று இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் கழித்துத் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

குழு வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் காவல்துறைக்கு அழைத்த பிறகுதான் அதில் எழுதுவது. எழுதும்போது நேரம், இடம், என்ன செய்தார், எந்தப் பக்கம் போனார். ‘சந்தேகமான ஆள்’ என்பது தகவலே இல்லை. மூன்று வீட்டுக் கதவுப் பிடியை அடுத்தடுத்துத் திருகிப் பார்த்தார் என்பது தகவல். வண்டி எண்ணை முதலில் குறியுங்கள். உயரத்தை மனதில் ஊகிக்காமல் கதவோடோ மதிலோடோ ஒப்பிடுங்கள். செருப்பையும் ஷூவையும் பாருங்கள், சட்டையைச் சந்து திரும்பியதும் மாற்றிவிடலாம், காலில் இருப்பதை மாற்றுவது அரிது. பின்தொடராதீர்கள். 2012இல் ஃபுளோரிடாவின் சான்ஃபோர்டில், காவல்துறைக்குப் போன் செய்த கண்காணிப்புத் தன்னார்வலரிடம், பின்தொடரத் தேவையில்லை என்று சொன்னார்கள். அப்படியும் அந்த இரவு, அவர் ஒரு பதினேழு வயதுப் பையனைச் சுட்டுக் கொன்றதில் முடிந்தது. பையன் கையில் ஆயுதம் எதுவும் இல்லை.

திருட்டு நடந்துவிட்டால், போலீஸ் வரும்வரை எதையும் தொடாதீர்கள். அவர்கள் பார்த்துப் போனதும் அன்றைக்கே உடைந்ததைச் சரிசெய்யுங்கள். சாவி காணாமல் போயிருந்தால் பூட்டின் சிலிண்டரையும் மாற்றுங்கள். வட்டத்து ஆறு வீட்டுக்காரரும் ஆறேழு வாரத்துக்கு முறை போட்டு, காலை ஒரு தடவை, இருட்டும் நேரம் ஒரு தடவை அந்த வீட்டின் பின்கதவைப் பாருங்கள்.