பிள்ளை பெற்றபின் மருத்துவம் படிக்கலாம், வழி இருக்கிறது

இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான ஒரு தங்கை, இனி மருத்துவம் படிக்க முடியுமா என்று இங்கே கேட்டிருந்தார். "சிங்கப்பூரில் ஏ லெவல் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) முடித்த கையோடு மருத்துவத்தில் சேர்ந்தால்தான் உண்டு, கல்யாணம் குழந்தை என்று ஆனபிறகு கனவு காணாதீர்கள்" என்று ஒருவர் அவருக்குப் பதில் சொல்லியிருக்கிறார். இது தவறு. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆசையாகக் கேட்பவரை இப்படித் திருப்பி அனுப்பக் கூடாது.

பதில் சொன்னவர் பேசுவது என்யுஎஸ், என்டியு பல்கலைக்கழகங்கள் நடத்தும் 5 ஆண்டு எம்பிபிஎஸ்ஸை மனத்தில் வைத்து. ஊட்ராம் வட்டாரத்தில், சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி இருக்கிறதே! 2007இல் முதல் மாணவர்களைச் சேர்த்ததிலிருந்தே அது ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்களுக்கான கல்லூரிதான். முதல் பட்டம் எந்தத் துறையிலும் இருக்கலாம். படிப்பு 4 ஆண்டு.

உண்மையான சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது, தங்கை. இதைப் பகுதிநேரமாகப் படிக்க முடியாது. இரண்டாம் ஆண்டே வார்டுக்குப் போக வேண்டும். குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள் பெரும்பாலும் காலை 7 மணிக்குத்தான் திறக்கும். அந்த நேரத்தில் நீங்கள் நோயாளியைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு, மருத்துவர்கள் வார்டைச் சுற்றிவரும் ரவுண்ட்ஸுக்குத் தயாராக நிற்க வேண்டியிருக்கும். பிள்ளையைக் கொண்டுபோய் விடுவது யார், கணவரா, மாமியாரா, வீட்டுப் பணிப்பெண்ணா? சாயங்காலம் 7 மணிக்குள் அழைத்து வருவது யார்? விண்ணப்பம் போடுவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். அப்புறம், படித்து முடித்ததும் பொது மருத்துவமனைகளில் சில ஆண்டுகள் பணியாற்றும் ஒப்பந்தமும் உண்டு. அந்த வேலையின் முதல் வருடத்தில் இரவு டியூட்டி தவிர்க்க முடியாதது, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.