எங்கள் லேயரில் இல்லாத வாய்க்கால்

எங்கள் ஊரில் எங்கெங்கே வெள்ளம் வரும் என்று வரைபடம் காட்டிய ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்ததை ஆளுக்கொரு விதமாக எழுதிவிட்டீர்கள். நான் கத்தினேன் என்று ஒருவர். மைக் வேலை செய்யவில்லை ஐயா, வேறென்ன செய்வது?

திரையில் காட்டிய படம் அழகாகத்தான் இருந்தது. கெடிலம் ஆற்றுக்கு ஒரு நீலம், தென்பெண்ணைக்கு இன்னொரு நீலம், பள்ளமான பகுதிகளுக்குச் சிவப்பு. எங்கள் தெரு பச்சை, அதாவது பத்திரமாம். 2024 டிசம்பரில் என் சமையலறையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்ற தெரு அது. தெருவின் பின்புறம் ஓடும் வாய்க்காலைப் படத்தில் காணோமே என்று கேட்டேன். படத்தைக் காட்டிய தம்பி மடிக்கணினியில் இரண்டு முறை தட்டிவிட்டு, "அப்படி ஒரு வாய்க்கால் எங்கள் லேயரில் இல்லை அம்மா" என்றார். லேயர் என்றால் வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தகவல் அடுக்கு. அரங்கமே சிரித்தது.

நான் கேட்டது ஒன்றுதான். படம் போடுங்கள், ஆனால் தெருவில் நடந்து பார்த்துவிட்டுப் போடுங்கள்.

'இந்த அக்காவுக்குத் தொழில்நுட்பம் என்றாலே ஆகாது' என்று ஒரு பின்னூட்டம். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இந்த ஊரின் சந்து பொந்துகளை, கைபேசியும் கையுமாக, வெயிலில் அலைந்து ஏற்றிக்கொண்டிருப்பவள் நான். ஒரு நகரத்தை வாழத் தகுந்ததாக்க வரைபடத்தைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை. எந்தத் தெருவில் விளக்கு இல்லை, எந்தப் பள்ளிக்கூட வாசலில் நடைபாதை இல்லை, மழை பெய்தால் எங்கே முதலில் தேங்கும், எல்லாம் ஒரே படத்தில் கிடைக்கும். அதனால்தான் வயிறு எரிகிறது. செயற்கைக்கோளுக்குத் தார்ச்சாலைக்கு அடியில் இருக்கும் சிறுபாலம் தெரியாது. பலகை போட்டு மூடிய வடிகால் தெரியாது. இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவில் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலும் சில மீட்டர் பிழை இருக்கும். கடலோர ஊர் இது. அரை அடி மேடு பள்ளம்தான் யார் வீட்டுக்குள் தண்ணீர் போகும் என்று தீர்மானிக்கிறது. மீட்டர் கணக்கில் பிழையுள்ள தரவை வைத்துக்கொண்டு என் தெருவுக்குப் பச்சை அடிக்கிறார்கள்.

என் அப்பா சர்வே துறையில் நிலம் அளக்கும் சங்கிலி பிடித்தவர். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். காலத்தில் கருவேல முள்ளிலும் சேற்றிலும் நடந்தவர். 66 அடிச் சங்கிலி, 100 கண்ணி. பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும். இருட்டிவிட்டாலும் வில்லையின் பற்களைத் தடவியே எத்தனையாவது கண்ணி என்று சொல்லிவிடுவார். 1802இல் பரங்கிமலைப் பக்கம் ஆங்கிலேய நில அளவை அதிகாரி லாம்ப்டன், மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான ஏழரை மைல் அடிக்கோடு அளந்ததும் சங்கிலியால்தான். அவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது. சங்கிலி பிடித்தவர்கள் பெயரை யார் எழுதி வைத்தார்கள்? ஒவ்வொரு நிலத்துக்கும் சர்வே துறை வரையும் புலப்படத்தில் சர்வேயரின் கையெழுத்து இருக்கும். அப்பா பெயர் எந்த லேயரிலும் இல்லை.

எங்கள் தெரு வயலாக இருந்தபோது போட்ட புலப்படத்தின் நகல் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதில் அந்த வாய்க்கால் இருக்கிறது, புறம்போக்கு என்ற குறிப்போடு. ஆக, நான் கனவில் கண்டதைச் சொல்லவில்லை. உங்கள் திரையில் இல்லாதது ஏதோ ஒரு அலுவலகத்தின் பீரோவில் இருக்கிறது. தூசு தட்டிப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை, ஒரு பொம்பளை எழுந்து பேசினால் சிரிக்க மட்டும் நேரமிருக்கிறது.

'சாத்தனூர் அணையில் வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள், உன் வாய்க்கால் என்ன செய்துவிடும்?' என்கிறார் ஒரு நண்பர். நியாயமான கேள்விதான். ஆற்று வெள்ளத்தை என் வாய்க்கால் தடுக்காது. ஆனால் எங்கள் வீட்டுக்குள் முதலில் வந்தது ஆற்று நீரல்ல, ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழை. வடிய வழியில்லாமல் நான்கு நாள் நின்றது. அதற்கும் அணையா காரணம்?

'ஒவ்வொரு தெருவாக நடக்க ஆளுக்கு எங்கே போவது?' இதற்குப் பதில் சொல்லவே எரிச்சலாக இருக்கிறது. 2015 வெள்ளத்தில் சென்னையில் எந்தெந்தத் தெரு மூழ்கியிருக்கிறது என்று பொதுமக்களே வரைபடத்தில் குறித்தார்கள். இங்கே தூய்மைப் பணியாளர்கள் விடியற்காலையில் எல்லாத் தெருவிலும் நடக்கிறார்கள். எந்த வடிகாலில் என்ன அடைத்திருக்கிறது என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? அவர்களில் ஒருவரையாவது அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்களா? டீ கொடுக்க மட்டும் ஒருவர் வந்திருந்தார்.

அந்தத் தம்பியின் மேல் எனக்குக் கோபமில்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது. என் மகன் வயதுதான் இருக்கும், கொடுத்த வேலையைச் செய்கிறார். ஆனால் "இல்லை" என்று சொல்வதற்கு முன் "எங்கே அம்மா, காட்டுங்கள்" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பத்து நிமிட நடைதான். நானே கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

நேற்றிரவு அந்த வாய்க்காலை நானே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றிவிட்டேன், சிறுபாலத்தோடு சேர்த்து. சந்தேகம் உள்ளவர்கள் டார்ச்சோடு வந்து பாலத்தின் கீழே குனிந்து பாருங்கள். ஒரு லாரி டயர் அடைத்துக்கொண்டு கிடக்கிறது. அதற்கு எந்த லேயர் என்று தெரியாததால் விட்டுவிட்டேன்.