ரெஸ்பெக்ட் யாருடைய பாட்டு?

அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் சோல் இசை என்று பேச்செடுத்தாலே எல்லோரும் குரலைத்தான் புகழ்கிறார்கள். அரீதா ஃபிராங்க்ளினுக்கு என்ன குரல், ஓடிஸ் ரெட்டிங்குக்கு என்ன குரல், சின்ன வயதிலிருந்து சர்ச்சில் பாடி வளர்ந்தவர்கள் ஆயிற்றே என்று. அதெல்லாம் சரி. ஆனால் அந்தக் குரலுக்கு அமெரிக்க ரேடியோ இன்றுவரை ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை என்பதை மட்டும் யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள். எனக்கு அதில்தான் ஆத்திரம்.

விஷயம் இதுதான். அங்கே ஏஎம், எஃப்எம் ரேடியோவில் ஒரு பாட்டு ஓடினால் எழுதியவருக்கும் அவருடைய பப்ளிஷருக்கும் ராயல்டி போகும். பாடியவருக்குக் கிடையாது. டிரம்ஸ் அடித்தவருக்கோ சாக்ஸபோன் ஊதியவருக்கோ கேட்கவே வேண்டாம். எட்டா ஜேம்ஸ் 1960-ல் பாடிய 'அட் லாஸ்ட்' அமெரிக்காவில் எத்தனை கல்யாணங்களில் ஒலித்திருக்கும்! அதை எழுதியது 1941-ல் மேக் கார்டனும் ஹாரி வாரனும். ரேடியோ பணம் அந்தப் பக்கம்தான். 'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்' என்றால் இன்று எல்லோர் காதிலும் ரே சார்ல்ஸ் குரல்தான் கேட்கும், அவர் 1959-லேயே ஏபிசி-பாரமவுண்ட் கம்பெனியோடு பேரம் பேசித் தன் மாஸ்டர் டேப்புகளின், அதாவது மூல ஒலிப்பதிவுகளின், உரிமையையே வாங்கிக்கொண்ட கெட்டிக்காரர், ஆனாலும் அந்தப் பாட்டை எழுதியவர் அவர் இல்லை என்பதால் ரேடியோ விஷயத்தில் அவருக்கும் பட்டை நாமம்தான்.

எழுதியவருக்குப் பணம் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை, போகத்தான் வேண்டும். பாடுகிறவர் ஏதோ எழுதி வைத்ததை வாயால் ஒப்பிக்கிற ஆள் என்கிற நினைப்பு அந்தச் சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். சோல் இசையில் அது சுத்தப் பொய். 'ரெஸ்பெக்ட்' ஒன்றே போதும்.

அந்தப் பாட்டை எழுதி முதலில் பாடியவர் ஓடிஸ். 1965, மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் ஸ்டூடியோ. நல்ல பாட்டு, துள்ளும் பாட்டு. உழைத்துக் களைத்து வீட்டுக்கு வரும் ஆண் மனைவியிடம் கொஞ்சம் மரியாதை கொடு என்று கேட்கிறான். அவ்வளவுதான் அதன் கதை.

அரீதா அப்போது கொலம்பியா கம்பெனியில் இருந்தார். 1960-ல் சேர்த்துக்கொண்டவர்கள் ஆறு வருஷம் அவரை என்ன செய்வதென்றே தெரியாமல் பழைய மெல்லிசைப் பாட்டுகளையும் ஜாஸையும் வயலின் கூட்டத்தோடு பாட வைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அட்லாண்டிக் கம்பெனிக்கு வந்ததும் தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் செய்த புத்திசாலித்தனமான காரியம், அவரைப் பியானோ முன்னால் உட்கார வைத்தது. 1967 ஜனவரியில் அலபாமா மாநிலம் மஸில் ஷோல்ஸில் ஒரு நாள் ஒலிப்பதிவு, அது சண்டையில் முடிந்தது. அப்புறம் அங்கிருந்த வாத்தியக்காரர்களை நியூயார்க்குக்கே வரவழைத்து, பிப்ரவரி 14-ம் தேதி 'ரெஸ்பெக்ட்' பதிவானது.

ஹெட்போன் மாட்டிக்கொண்டு முதலில் ஓடிஸ் பாடியதையும் உடனே அரீதா பாடியதையும் கேளுங்கள். எழுத்தெழுத்தாக ஆர்-ஈ-எஸ்-பி-ஈ-சி-டி என்று அவர் வெட்டி வெட்டிச் சொல்லும் இடம் ஓடிஸ் பாட்டில் கிடையவே கிடையாது. பின்னால் அவருடைய தங்கை கேரலினும் அக்கா எர்மாவும் 'ரீ ரீ ரீ' என்று இடைவிடாமல் பாடுகிறார்களே, அரீதாவின் செல்லப்பெயர் அது, அதுவும் மூலத்தில் இல்லை. நடுவில் கிங் கர்டிஸின் சாக்ஸபோன் வரும் பகுதி முழுவதுமே புதிது, அதற்கான கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுர அடுக்குகளை, சாம் அண்ட் டேவ் என்ற சோல் ஜோடி பாடிய வேறொரு பாட்டிலிருந்து எடுத்து வைத்தார்கள். இத்தனைக்கும் மேலாக மரியாதை கேட்கிற ஆளே மாறிவிட்டார். இப்போது கேட்பது பெண். கெஞ்சவில்லை, கணக்குத் தீர்க்கச் சொல்கிறாள். அந்த ஒரு மாற்றத்தால்தான் கறுப்பின மக்களும் பெண்களும் அந்தப் பாட்டைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள்.

ஜூனில் அது அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டில் முதலிடம். அதே மாதம் மான்டரே இசை விழா மேடையில் ஓடிஸ், இந்தப் பாட்டை ஒரு பெண் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எழுதியவரே ஒப்புக்கொண்டார். சட்டம் ஒப்புக்கொள்ளவில்லை. அரீதா பாடியது அமெரிக்க ரேடியோவில் ஓடிய ஒவ்வொரு முறையும் பணம் ஓடிஸ் பக்கத்துக்கு, அந்த டிசம்பரில் 26 வயதில் விமான விபத்தில் அவர் இறந்த பிறகு அவர் குடும்பத்துக்கு. அதில் எனக்கு வருத்தமே இல்லை. அரீதாவுக்கு ஏன் கிடையாது என்பதுதான் கேள்வி.

ரேடியோ முதலாளிகள் சொல்லும் பதில் விளம்பரம். நாங்கள் போடுவதால்தானே ரெக்கார்டு விற்கிறது என்பார்கள். அப்படியானால் அந்த விளம்பரம் எழுதியவருக்கும் சேர்த்துத்தானே, அவருக்கு மட்டும் ஏன் காசு? இதற்கு இதுவரை ஒரு நேர்மையான பதிலை நான் படித்ததில்லை. இன்னொரு கொடுமை, அமெரிக்கா கொடுப்பதில்லை என்பதையே காரணமாகக் காட்டி, பாடகருக்குப் பணம் தரும் மற்ற நாடுகள் பலவும் அமெரிக்கப் பாடகரின் பங்கை நிறுத்தி வைக்கின்றன.

இணையத்திலும் சாட்டிலைட் ரேடியோவிலும் ஓடினால் பாடகருக்கும் பங்கு என்று 1995-ல் ஒரு சட்டம் வந்தது. நல்லதுதான். ஆனால் 1972 பிப்ரவரிக்கு முந்தைய ஒலிப்பதிவுகளுக்கு மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பே அப்போது இல்லை, அதாவது சோல் இசையின் பொற்காலம் மொத்தமும் வெளியே. 2014-ல் அதைச் சரிசெய்ய 'ரெஸ்பெக்ட்' என்ற பெயரிலேயே ஒரு மசோதா கொண்டு வந்தார்கள், நிறைவேறவில்லை. கடைசியில் 2018 அக்டோபரில்தான் அந்த ஓட்டை அடைபட்டது. அரீதா இறந்தது அதே வருஷம் ஆகஸ்ட் 16.

2015-ல் கென்னடி சென்டர் மேடையில் அவர் பாடிய வீடியோவைப் பாருங்கள். ஃபர் கோட்டோடு வந்து, கைப்பையைப் பியானோ மேல் வைத்துவிட்டுத்தான் உட்காருகிறார். கச்சேரிக்கு முன்பே ரொக்கமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது அவர் பல வருஷமாக வைத்திருந்த வழக்கம். இதைக் கிறுக்கு, பந்தா என்று எழுதியவர்கள் உண்டு. ரே சார்ல்ஸ் உட்பட எத்தனை பேர் ஏமாற்றப்பட்டதைப் பக்கத்திலிருந்து பார்த்த தலைமுறை அது. நான் அந்தப் பையைத் தப்பே சொல்ல மாட்டேன்.

எஃப்எம் ரேடியோ கதை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. சாம் அண்ட் டேவ் ஜோடியில் சாம் மூர், வயதான காலத்திலும் அமெரிக்கக் காங்கிரஸ் வரை போய் இதற்காகப் பேசினார். 2025 ஜனவரியில் 89 வயதில் இறந்தார். மசோதாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, ரேடியோ கம்பெனிகளின் எதிர்ப்பில் கிடப்பில் போகின்றன.